எருக்குழியில் பச்சை ஜாடிச் சில்லு

9-9-68 திங்கள்

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் சுள்ளுன்னு வெயில். குழி நாலில் கடப்பாரையைச் சொருகி உருவிப் பார்த்தேன். கை வைக்க முடியாத சூடு. உள்ளே நல்லா வேகுது.

எருக்கிடங்கு ஆபீஸர் வந்தார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே பேசினார். அடுத்த வாரம் செவ்வாய், 17ந் தேதி, ஆத்துக்கு அக்கரையில் விவசாயிங்க கூட்டம். எருவைப் பத்தி நான் பேசணுமாம். படம் எழுதிக் காட்டணுமாம். "வேப்பூர்லேர்ந்து லாரி லாரியா யூரியா வந்து எறங்குது. உன் எருவை எவன் வாங்கப் போறான்? நல்லாப் பேசி நாலு பேரை வாங்க வை. இல்லன்னா கிடங்கை மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

பதினெட்டு வருசம் இந்த நாத்தத்தில் நின்னவனுக்கு இவர் சொல்லித் தர்றார்.

துண்டுத்தாள் ஒண்ணு குடுத்தார். அதில் உள்ளது:

1. உண்டாக்குவோர். பயிர், புல், மரம். வெயிலையும் தண்ணியையும் வச்சுச் சாப்பாடு செய்றது.
2. தின்போர். மாடு, ஆடு, கோழி, மனுசன்.
3. மக்க வைப்போர். புழு, காளான், கண்ணுக்குத் தெரியாத கிருமி. செத்ததையும் கழிஞ்சதையும் தின்னு மறுபடி மண்ணாக்குறது.

இந்த ஊர்க்காரனுங்களைக் கேட்டா எல்லாரும் முதல் வகைன்னுதான் சொல்லிப்பான். பொம்மை பண்றோம், ஜாடி பண்றோம், பியூஸ் கட்டை பண்றோம். என்னத்தை உண்டாக்கினான்? மண்ணைத் தோண்டிச் சுடறான். சோத்தைத் தின்னுட்டு இலையைத் தெருவில் வீசிட்டுப் போறான். அதை அள்ளியாந்து, சாணி போட்டு, தண்ணி தெளிச்சு, நாலு மாசம் காத்துக் கிடந்து மண்ணாக்குறது நானும் என் ஏழு ஆளும். டீக்கடையில் எங்களுக்குன்னு பிடி ஒடிஞ்ச குவளை, கூரையில் தனியாச் சொருகி வச்சிருக்கான். பீங்கான் ஊர்ல குவளைக்கா பஞ்சம்.

செய்ய வேண்டியது: சல்லடை மூலையில் கிழிசல், கம்பி வாங்கணும் (போன மாசமே சொன்னது). டயர் செருப்புக்கு வார். வூட்டுக்காரி காசிக்குத் தலைவலித் தைலம்.

10-9-68 செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

குழி மூணு எரு அக்கரைக்குப் போய் வாரமாச்சு. அடியில் மிச்சம் இருந்ததைக் களத்தில் பரப்பிக் காய வச்சு இன்னிக்குச் சலிச்சாங்க. என் ஏழு ஆளில் ஒருத்தி, அஞ்சலை, கூப்பிட்டா. "மேஸ்திரி, இதப் பாருங்க." கையில் பீங்கான் சில்லு. ஒண்ணு ரெண்டில்லை, ஒரு கை நிறைய. கத்தி மாதிரி முனை.

எவன் வேலைன்னு யோசிக்கவே வேண்டாம். என் சகலை பாவாடை. காசியோட தங்கச்சி ராசாத்தியைக் கட்டினவன். சூளையில் வண்டிக்காரன். சுட்டதில் விரிசல் விட்டது, கோணினது, எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு ஆத்தோரப் பள்ளத்தில் கொட்டணும். வழி என் குழிங்களை ஒட்டித்தான். பள்ளம் வரைக்கும் போக உடம்பு வணங்காம இங்கேயே பாதியைத் தள்ளிட்டுப் போறான். ஒரு நாள் குழிகிட்ட வண்டி நின்னதை என் கண்ணால் பார்த்தேன்.

அஞ்சலை ஏதோ சொல்ல வந்தா. உனக்கு ஒண்ணும் தெரியாது, வேலையைப் பாருன்னு அனுப்பிட்டேன்.

சாயந்திரம் வண்டியை மறிச்சேன். "மாடு மூத்திரம் பேய நின்னா அதுக்கும் உங்ககிட்டச் சீட்டு வாங்கணுமாண்ணே?" என்றான். சிரிப்பு வேற.

சித்திரையில் அவன் பொண்ணு காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்தேன். இலை போட்டுக்கிட்டே வந்தவன், அத்தனை பேர் கேக்க, "அண்ணே, கை கழுவிட்டீங்கதான?" எழுந்து வந்தேன். அன்னிக்கே அறுந்துபோச்சு. இனிமே இந்த நோட்டில் அவன் பேரை முழுசா எழுத மாட்டேன். பா. போதும்.

12-9-68 வியாழன்

மத்தியானம் காசி கிடங்குக்கே ஓடி வந்துட்டா. இத்தனை வருசத்தில் அவ இங்க கால் வச்சதில்லை.

ராசாத்தி அக்கரையில் சாமிக்கண்ணு வயலில் நடவுக்குப் போயிருந்தா. சேத்துக்குள்ள சில்லு. குதிகாலுக்கு மேல ஏறிடுச்சு. துணியைக் கட்டிக்கிட்டு மத்தியானம் வரைக்கும் நட்டிருக்கா, பாதிக் கூலின்னு சொல்லிடுவாங்கன்னு. அப்புறம் மயக்கம். கட்டில்ல போட்டுத் தூக்கியாந்தாங்க.

சாமிக்கண்ணு வயலுக்குப் போனது என் எரு. குழி மூணு.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சில்லை எடுத்து, தையல். கால் முழங்கால் வரைக்கும் வீக்கம். நர்ஸம்மா சில்லைக் காகிதத்தில் மடிச்சு என் கையில் குடுத்தாங்க. கட்டைவிரல் அகலம். ஒரு ஓரம் பச்சை மெருகு.

சாப்பிடலை. பா. மேல வந்த ஆத்திரத்தில் எழுத்து கோணுது.

13-9-68 வெள்ளி

ஆஸ்பத்திரி வராண்டா. பா. உட்கார்ந்திருந்தான். மூஞ்சிக்கு நேரா சில்லை நீட்டினேன். "உன் ஓடு உன் பொண்டாட்டி காலையே கிழிச்சுது பாத்தியா."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது பச்சை ஜாடிண்ணே. ஊறுகா ஜாடி. மெருகு ஒட்டாம ஒரு சூளையே வீணாப்போச்சு, போன ஐப்பசியோட அந்தப் பச்சையே நிறுத்திட்டாங்க. இந்த வருசம் வெள்ளையும் பழுப்பும்தான் சுடறோம். நான் எங்கேர்ந்து பச்சையை ஏத்துவேன்?"

"ஒவ்வொரு ஓட்டுக்கும் ஜாதகம் எழுதி வச்சிருக்கியா?"

"எழுதி வைக்கற ஆளு நீங்கதான்."

சட்டையைப் பிடிச்சேன். அவனும் பிடிச்சான். உள்ளேயிருந்து ராசாத்தி குரல், "ரெண்டு பேரும் வெளிய போய் அடிச்சிக்குங்க. எனக்குக் காலு தெறிக்குது."

டாக்டர் சொன்னது: வீக்கம் வடியணும். வடியலன்னா கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான்.

நேரா வந்து சூளை முதலாளிக்கு லெட்டர் எழுதினேன். மூணு பக்கம். உங்கள் வண்டிக்காரர் வேணும்னே எருக்குழியில் உடைசலைக் கொட்டுகிறார், இவரை வைத்திருந்தால் உங்கள் பேருக்குத்தான் கேடு, இத்யாதி. நானே கொண்டுபோய்க் குடுத்தேன்.

15-9-68 ஞாயிறு

வெயில். லீவு. படம் எழுதினேன். நடுவில் வட்டம். மேல நெல்லுப் பயிர், பச்சை. வலப்பக்கம் மாடு, மனுசன். கீழ புழு, காளான். அம்புக்குறி சுத்திச் சுத்தி வந்து மறுபடி நெல்லுகிட்ட முடியுது.

காசி பார்த்துட்டு, "மனுசனை இத்தினி பெருசா எழுதி வச்சிருக்கீங்க. புழுவு எங்க இருக்குதுன்னே தெரியல." வேற தாள் இல்லை.

அவ சொன்ன பேச்சு இன்னிக்கு இது ஒண்ணுதான். சோறு வச்சா, கொழம்பு ஊத்தலை. நான் லெட்டர் குடுத்த சேதி எட்டிடுச்சு போல. தங்கச்சி கால் போனாலும் பரவாயில்லை, தங்கச்சி புருசனைத் தொடக் கூடாது. என்ன கணக்கோ.

ராசாத்திக்குக் காய்ச்சல் 102. இறங்கலை.

17-9-68 செவ்வாய்

கூட்டம். நாப்பது பேருக்கு மேல. பள்ளிக்கூடத்து வாசல்ல பெஞ்சு போட்டிருந்தாங்க.

முதல்ல நல்லாத்தான் பேசினேன். எனக்கே ஆச்சரியம். "யூரியா பயிருக்குச் சோறு போடும், இல்லங்கல. மண்ணுக்குள்ள கெடக்கற புழுவுக்கு எவன் சோறு போடறது? அதுக்கு இலையும் தழையும் சாணியும்தான் வேணும். அது தின்னு கழிச்சாத்தான் மண்ணு பொலபொலன்னு இருக்கும். அதைப் பட்டினி போட்டீங்கன்னா பத்து வருசத்துல உங்க வயலு செங்கல்லுதான்." தலையாட்டினாங்க. ரெண்டு பேர் எத்தனை வண்டி கிடைக்கும்னு கூடக் கேட்டாங்க.

அப்ப சாமிக்கண்ணு எழுந்தார். தோள் துண்டை மேசையில் பிரிச்சார். சில்லு. ஒரு படி இருக்கும்.

"மேஸ்திரி, மூணு வகை சொன்னீங்க. உண்டாக்குறது, திங்கிறது, மக்க வைக்கறது. இது எந்த வகைங்க? இதை எந்தப் புழுவு திங்கும்?"

கொல்லுன்னு சிரிச்சாங்க. ஒருத்தன், "ராசாத்தி காலுதான் திங்குது"ன்னான். அதுக்கும் சிரிப்பு. ஆபீஸர் என்னைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்தார்.

என் படத்தில் அதுக்கு அம்புக்குறி இல்லை. அப்புறம் சொன்னேன். "இது என் எரு இல்ல. எவனோ கொட்டினது. எவனோ என்ன, என் சகலைதான். பேரு பாவாடை. சூளை வண்டிக்காரன். வேணும்னே கொட்டறான்." நாப்பது பேர் முன்னால. சத்தமா.

18-9-68 புதன்

மேகமூட்டம். பா.கிட்டேர்ந்து வண்டியை வாங்கிட்டாங்க. மாடும் முதலாளியுதுதான். காலையில் வேற ஆள் ஓட்டிக்கிட்டுப் போறான்.

எனக்குச் சந்தோசமா இருந்துது. இது யாரும் படிக்காத நோட்டு, இதில் பொய் எழுதி என்ன.

காசி துணிமணியைச் சுருட்டிக்கிட்டுத் தங்கச்சி வூட்டுக்குப் போயிட்டா. "புருசன் வேலையும் போயி, காலும் போயி அவ கெடக்கறா. நான் போயிட்டு வரேன்." வரேன்னு சொன்னாளே தவிர, எப்போன்னு இல்லை.

சோறு நானே வடிச்சேன். குழைஞ்சுபோச்சு.

19-9-68 வியாழன்

விடிய விடிய மழை. காலையில் வெறிச்சுது. களத்தில் ஒரு முழத்துக்குத் தண்ணி ஓடி, மேலே கிடந்த எருப்பொடி எல்லாம் கழுவிக்கிட்டுப் போயிருந்துது.

களம் முழுக்கப் பச்சை. வெயில் பட்டு மின்னுது. ஜாடி வாய், ஜாடி அடி, ஜாடி வயிறு. நட்டு வச்ச மாதிரி.

அஞ்சலையைக் கூப்பிட்டேன். "இது எப்படி இங்க வந்துச்சு?"

"நல்லாக் கேட்டீங்க. போன ஐப்பசி அடமழையில வண்டி அச்சு வரைக்கும் பொதைஞ்சிச்சு. ஊர்ல சேறு கண்ட எடத்துல எல்லாம் ஓடுதான போடறாங்க, நாமளும் போடலாம்னு நீங்கதான் சகலைகிட்டச் சொல்லி எறக்கச் சொன்னீங்க. நாங்க ஏழு பேரும் திமிசு போட்டு இடிச்சோம். எனக்கு இந்தத் தோளு எறங்கிப்போச்சு. ஒரு வருசமா அது மேலயே எருவைக் கொட்டி மம்பட்டியால சொரண்டிச் சொரண்டி அள்றோம். வராம என்ன செய்யும்? சல்லடையும் கிழிசல்."

"ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுதான்."

மம்பட்டியைத் தோளில் போட்டுக்கிட்டுப் போயிட்டா.

வூட்டுக்கு வந்து பொட்டியில் போன வருசத்து நோட்டைத் தேடினேன். அவ பொய் சொல்றான்னு காட்டத்தான் தேடினேன். என் கையெழுத்து. அப்படியே எழுதறேன்:

"23-10-67 திங்கள். மழை விட்டபாடில்லை. பாவாடை பன்னெண்டு நடை பச்சை ஜாடி உடைசல் கொண்டாந்து இறக்கினார். கூலி வேணாம்னுட்டார். களம் பூரா பரப்பித் திமிசு போட்டாச்சு. இனி பத்து வருசத்துக்குக் கவலை இல்லை. பாவாடைக்கு டீ வாங்கிக் குடுத்தேன். நல்ல மனுசன்."

20-9-68 வெள்ளி

காலையில் சூளை. முதலாளி உட்காரச் சொல்லலை. சொன்னேன், தப்பு என் மேலன்னு.

"போன வாரம் எழுதிக் குடுத்த, வண்டியை வாங்கினேன். இந்த வாரம் வாயால சொல்ற, திருப்பிக் குடுக்கணுமா? உன் எருக்குழின்னு நெனைச்சியா, கிளறிக் கிளறிப் போட? புது ஆளு வந்தாச்சு. போ."

அங்கேர்ந்து பா. வூட்டுக்கு. அவன் இல்லை. எங்கயோ மூட்டை தூக்கப் போயிருக்கானாம். ஆஸ்பத்திரியிலேர்ந்து வூட்டுக்கு வந்திருந்த ராசாத்தி பாயில் கிடந்தா. கால் தலையணை மேல. வீக்கம் கொஞ்சம் வடிஞ்சிருக்குது, கடலூர் போக வேண்டாம்னு சொல்லிட்டாங்களாம். அது ஒண்ணுதான் நல்ல சேதி. காசி அடுப்புகிட்ட, முதுகைக் காட்டிக்கிட்டு.

குனிஞ்சு மெதுவாச் சொன்னேன். களத்தில் ஓடு போட்டது நான்தான், அவன் இல்லைன்னு.

ராசாத்தி கையை ஊணி எழுந்து உட்கார்ந்தா.

"மாமா, அன்னிக்கு நாப்பது பேர் கேக்க அவுரு பேரச் சொன்னீங்க. இத மட்டும் எங்காதுல வந்து சொல்றீங்க."

காசி திரும்பலை.

21-9-68 சனி

ஆபீஸர்கிட்டப் போனேன். நோட்டையே காட்டினேன். படிச்சார். முதல் தடவையா கைக்குட்டையை எடுத்துட்டார்.

"இதை யார்கிட்டச் சொன்னே?"

"சூளையில. ராசாத்திகிட்ட."

"அதோட நிறுத்து. அந்த வண்டிக்காரன்தான்னு எல்லாரும் நம்பிட்டாங்க, அதுபாட்டுக்குப் போகட்டும். உன் களம்னு தெரிஞ்சா ஒரு வண்டி எரு போகாது. கிடங்கும் இல்ல, நீயும் இல்ல, உன் ஏழு ஆளும் இல்ல. வாயை மூடிக்கிட்டு இருந்தா உனக்கு நல்லது."

சரிங்கன்னு சொல்லிட்டு வந்தேன். சரிங்கன்னு சொன்னதை இங்கயும் எழுதி வைக்கறேன்.

வழியில் டீக்கடை. அவன் கூரையிலிருந்து பிடி ஒடிஞ்ச குவளையை உருவினான். வேணாம்னு நடந்துட்டேன். அந்தக் குவளைகூட என்னிக்காவது ஒரு சேத்துலதான் போய் விழும். ஒரு புழுவும் தொடாது.

சல்லடைக் கம்பி வாங்கினேன். இப்பத்தான்.

22-9-68 ஞாயிறு

ஆத்தில் முழங்கால் தண்ணி. இறங்கி நடந்தே அக்கரைக்குப் போனேன்.

சாமிக்கண்ணு களத்துமேட்டில் இருந்தார். கூட எட்டுப் பத்துப் பேர். கூட்டத்துக்கு வந்த மூஞ்சிங்கதான் பாதி. "ஒரு நிமிசம்"னு சொல்லி நோட்டைப் பிரிச்சு ஐப்பசியில் எழுதினதைப் படிச்சேன். நல்ல மனுசன் என்கிற இடம் வரைக்கும்.

யாரும் சிரிக்கலை. சிரிச்சிருந்தா தேவலாம்.

"அப்ப அன்னிக்கு ஏன்யா அந்த ஆளு பேரச் சொன்னே?" மேஸ்திரின்னு கூப்பிடறதும் போச்சு, 'ங்க' போடறதும் போச்சு.

"ஆத்திரம்."

"அவன் பொழைப்பு போச்சே."

"போச்சு."

துண்டை உதறித் தோளில் போட்டார். "எரு வேணாம்னு சொல்லல. ஓட்டைப் பூரா பொறுக்கி எடு. எடுத்துட்டு ஆளனுப்பு. நான் வந்து உன் களத்துல வெறுங்காலோட நடந்து பாக்கறேன். அப்புறம் வாங்கறதா வேணாமான்னு சொல்றேன்."

திரும்பி வர்றப்ப ரெண்டு பேர் எனக்கு முன்னாடியே ஆத்தைத் தாண்டி ஊருக்குள்ள போனாங்க. பொழுது சாயறதுக்குள்ள பா. காதுக்குப் போயிருக்கும்.

காசி இன்னும் வரலை.

23-9-68 திங்கள்

வெயில். காத்து இல்லை. ஆபீஸர் ஆள் அனுப்பினார், நாளைக்கு வந்து பார்க்கணுமாம். என்ன சொல்வார்னு தெரியும்.

களத்தைக் கொத்த ஆரம்பிச்சாச்சு. ஏழு பேரும் வரிசையா உட்கார்ந்து பொறுக்கினாங்க. நானும் ஒரு கூடை எடுத்துக்கிட்டேன். அஞ்சலை ஒரு மாதிரி பார்த்தா. மத்தியானத்துக்குள்ள என் கூடை மட்டும் நாலு தரம் நிறைஞ்சுது. களத்தில் கால்வாசி கூட முடியலை. இடுப்பு விட்டுப்போச்சு.

மூணு மணி இருக்கும். நிமிர்ந்தா களத்து ஓரத்தில் பாவாடை. எப்ப வந்தான்னு தெரியாது. கையில் ஒண்ணும் இல்லை. வண்டி ஓட்டினவன் வெறுமனே நிக்கறதைப் பார்க்க என்னமோ போல இருந்துது.

குனிஞ்சு பொறுக்கினேன். அவன் போகலை. நான் முடிச்ச இடத்தையே பார்த்துக்கிட்டு இருந்தான்.

அப்புறம் சொன்னான். "டயர் செருப்பப் போட்டுக்கிட்டுப் பொறுக்குனா என்ன மிச்சம் கெடக்குதுன்னு தெரியாது. கழட்டு."

அண்ணேன்னு சொல்லலை.

கழட்டினேன்.